அப்பாவின் ஈரலில் பாதியை எடுக்க வேண்டும் என்கிறார்கள்: பித்தக்குழாய்ப் புற்றுக்கு என்னென்ன சத்திரசிகிச்சை உண்டு?

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். ஐந்து வாரமாகக் கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. டிக்கோயாவில் காட்டி, அங்கிருந்து கண்டிக்கு அனுப்பி, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரலின் வாசலில் பித்தக்குழாய் அடைபட்டிருக்கிறது, புற்றாக இருக்கலாம், ஈரலில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டி வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று மாமா தடுக்கிறார். நகையை அடகு வைத்தாவது இந்தியாவுக்குக் கொண்டு போவோம் என்று சித்தப்பா நிற்கிறார். இதற்கு என்ன ஒப்பரேஷன்கள் இருக்கின்றன, பாதி ஈரலோடு ஒரு மனிதர் உயிர் வாழ முடியுமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. வாழ முடியும். பாதி என்ன, மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் வாழ முடியும், மிஞ்சுகிற பங்கு நல்ல ஈரலாக இருந்தால். வெட்டியபின் ஈரல் தானாகப் பெருக்கும். ஓரிரு மாதத்துக்குள் பெரும்பகுதி அளவை எட்டிவிடும். ஆனால் அந்த "நல்ல ஈரலாக இருந்தால்" என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்து வைத்தியனானவன். சத்திரசிகிச்சை வாட்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். உங்கள் அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை. அதனால் இதைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். டொக்டர் பேசும்போது எதைப் பற்றிப் பேசுகிறார் என்று விளங்கவும், எதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தெரியவும் இது உதவினால் போதும்.

ஈரல் பித்தத்தைச் சுரக்கிறது. அது மயிரிழை போன்ற குழாய்களில் சேர்ந்து, சிறு குழாய்கள் பெரிய குழாய்களாகி, வலப்பக்க ஈரலிலிருந்து ஒன்று, இடப்பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டாக வெளியே வருகிறது. ஈரலின் வாசலில் இரண்டும் சேர்ந்து ஒரே குழாயாகி, வழியில் பித்தப்பையின் காம்பையும் சேர்த்துக்கொண்டு, சதையியின் தலைக்குள் புகுந்து, முன்சிறுகுடலில் திறக்கிறது. (இந்தியக் காணொளிகளில் கணையம் என்பதும் நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சதையி என்பதும் ஒன்றுதான். குழம்ப வேண்டாம்.) தேயிலைச் செடியைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. கொப்பெல்லாம் மேலே ஈரலுக்குள், தண்டு கீழே.

புற்று இந்தச் செடியில் எங்கே பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒப்பரேஷன் முற்றிலும் மாறும். ஒரே பெயருள்ள நோய், மூன்று வேறு சத்திரசிகிச்சைகள். பக்கத்து வீட்டுக்காரரின் கதையைக் கேட்டுவிட்டு அதையே அப்பாவுக்குப் பொருத்திப் பார்த்தால் பிழையாகிப்போவது இதனால்தான். அவருக்குத் தண்டின் அடியில் இருந்திருக்கும். உங்கள் அப்பாவுக்குக் கொப்பு பிரிகிற கவட்டில் இருக்கிறது. இந்தப் புற்றில் பாதிக்கு மேல் அந்தக் கவட்டில்தான் வருகிறது. 1965இல் அமெரிக்காவின் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் அதைத் தனியாக விவரித்து எழுதியதால், ரிப்போர்ட்டில் சில வேளை "கிளாட்ஸ்கின் கட்டி" என்று இருக்கும். பயப்பட வேண்டாம், புது நோய் இல்லை.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இதற்கு வருகிறேன்.

ஈரலுக்குள்ளேயே சிறு கொப்பில் பிடித்தால், அந்தப் பக்கத்து ஈரல் துண்டை நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து எடுப்பார்கள். இதில் பெரும்பாலும் மஞ்சள் வராது. அதனால் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தான் தெரியவரும், அதற்குள் பெரிதாக வளர்ந்திருக்கும்.

தண்டின் அடியில், சதையிக்குள் போகிற இடத்தில் பிடித்தால் விப்பிள் ஒப்பரேஷன். நியூயோர்க்கில் அலன் விப்பிள் 1935இல் வெளியிட்ட முறை. பித்தக்குழாயை மட்டும் தனியே எடுக்க அந்த இடம் விடாது. சதையியின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, குழாயின் கீழ்ப்பகுதி, சில வேளை இரைப்பையின் நுனி எல்லாம் ஒரே இரத்த நாடிகளில் தொங்குகின்றன. சேர்த்து எடுத்துவிட்டு, சதையியின் மிச்சத்தையும், மேலே உள்ள பித்தக்குழாயையும், இரைப்பையையும் சிறுகுடலோடு ஒவ்வொன்றாகத் தைப்பார்கள். மூன்று தையல். அதில் டொக்டருக்குத் தூக்கம் கெடுவது சதையித் தையலில். வெண்ணெய் மாதிரி மிருதுவான சதையி என்றால் நூல் நிற்காது, சாறு கசியும். கசிந்தால் வயிற்றில் குழாயோடு வாரக்கணக்கில் இருக்க வேண்டி வரும். நல்ல அனுபவமுள்ள இடங்களில் இந்த ஒப்பரேஷனால் இறப்பவர்கள் 100இல் ஐந்துக்கும் குறைவு. ஆனால் சிக்கல் ஏதாவது ஒன்று வருவது மூன்றில் ஒருவருக்காவது. பிறகு சிலருக்குச் சீனி வருத்தம் வரும், கொழுப்புச் சாப்பாடு செரிக்க நொதி மாத்திரை வேண்டியிருக்கும்.

சரி, இனி அப்பாவின் கதைக்கு வருவோம்.

ஈரலின் வாசல் சின்ன இடம்தான். பித்தக்குழாயும் ஈரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியும், குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் ஈரல்வாயி நாளமும் அந்த இடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இந்தப் புற்று கட்டியாக உருண்டு நிற்காமல் குழாயின் சுவரோடு ஊர்ந்து போகும். கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் தாண்டியும் போயிருக்கும். அதனால் அடைபட்ட துண்டை மட்டும் வெட்டிவிட்டு இரண்டு நுனியையும் இணைத்தால் என்ன என்று கேட்டால், அப்படிச் செய்த காலம் இருந்தது, வெட்டிய நுனியிலேயே புற்று மிஞ்சித் திரும்ப வந்தது. இப்போது, குழாயோடு சேர்த்து அது அதிகம் ஊர்ந்திருக்கிற பக்கத்து ஈரலையும், பின்னால் ஒட்டியிருக்கிற வால்மடல் என்ற சிறு துண்டையும், சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதுதான் சரியான சிகிச்சை. வால்மடலின் சின்னக் குழாய்கள் நேராகக் கவட்டில் திறப்பதால் அதை விட்டுவைக்க முடியாது. கடைசியில் மிஞ்சிய ஈரலின் குழாய் வாயில் சிறுகுடலை மேலே இழுத்துத் தைத்து, பித்தம் நேரே குடலுக்கு வரும்படி செய்வார்கள்.

ரிப்போர்ட்டில் பிஸ்மத் வகை என்று ஒரு ரோமன் இலக்கம் இருக்கும், அதைப் பாருங்கள். ஒன்று என்றால் கவட்டுக்குக் கீழே. இரண்டு என்றால் கவட்டில். மூன்று ஏ என்றால் வலக் கொப்புக்குள் ஏறியிருக்கிறது, மூன்று பீ என்றால் இடக் கொப்புக்குள். நான்கு என்றால் இரண்டு பக்கமும். வலது என்றால் வல ஈரல் போகும், இடது என்றால் இட ஈரல். நான்கு என்று எழுதியிருந்தால் உடனே கைவிரிக்க வேண்டாம். அதிலும் சிலருக்குச் செய்கிறார்கள். ஆனால் முடிவு செய்வது இந்த இலக்கம் மட்டும் இல்லை. விடப்போகிற பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற நாடியும் நாளமும் சுத்தமாக இருக்கின்றனவா என்பதுதான் பெரிய கேள்வி. நாளத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி இணைக்கலாம், அது பழகிய கைக்கு முடிகிற வேலை. நாடியைப் புற்று பிடித்துவிட்டிருந்தால் கஷ்டம்.

வல ஈரல் பெரியது, மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு. அதை எடுத்தால் மிஞ்சுவது மூன்றில் ஒன்று. நல்ல ஈரலுள்ள ஆளுக்கு 25 வீதம் மிஞ்சினாலே தாங்கும். ஆனால் வாரக்கணக்கில் பித்தம் தேங்கி நின்ற ஈரல் ஊறிப்போன சுவர் மாதிரி. அதற்கு 30, 40 வீதம் வேண்டும். இந்தக் கணக்கைச் சி.டி. ஸ்கேனில் அளந்து பார்ப்பார்கள். குறைந்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. எடுக்கப்போகிற பக்கத்துக்குப் போகும் ஈரல்வாயி நாளத்தைத் தோல் வழியாக ஊசி விட்டு முன்கூட்டியே அடைத்துவிடுவது. இரத்தமெல்லாம் மறுபக்கம் திரும்ப, அந்தப் பக்கம் நாலைந்து வாரத்தில் பெருக்கும். பிறகு வெட்டுவார்கள். 1980களில் ஜப்பானின் மக்கூச்சி இந்த நோயாளிகளுக்காகவே இதைத் தொடங்கினார். எனக்கு இன்றும் இது அதிசயம்தான்.

ஒரு முறை இதை விளக்க எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்தேன். எதிரில் உங்கள் அப்பா மாதிரியே கவ்வாத்து வெட்டி ஓய்ந்த ஒருவர். உள்ளங்கையில் கத்திப்பிடி பட்ட காய்ப்பு அப்போதும் போகவில்லை. நான் முடிப்பதற்கு முன்பே அவர் விரலை நீட்டி, "வெளங்குது டொக்டர். ஒரு கொப்ப எலையோட விட்டுட்டு மத்தத வெட்டுறது. விட்ட கொப்பு மூச்சு விட்டா செடி துளுக்கும், இல்லாட்டி காஞ்சிரும்" என்றார். நலிந்த செடிக்கு அப்படித்தான் கவ்வாத்து வெட்டுவார்களாம். நான் அரை மணித்தியாலம் சொல்ல நினைத்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த பயிற்சி டொக்டர் சிங்களவர். அவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த விட்ட கொப்பு மூச்சு விட வேண்டும் என்றால் அதில் தேங்கிய பித்தத்தை முதலில் வடிக்க வேண்டும். பிலிருபின் (உடம்பை மஞ்சளாக்குகிற பித்த நிறப்பொருளின் இரத்த அளவு) 300க்கு மேல் நிற்கும்போது ஈரலில் பாதியை வெட்டினால் மிச்சம் தோற்றுப்போகும். அது லீற்றருக்கு 50 மைக்ரோமோல் அளவுக்கு இறங்கும்வரை காத்திருப்பார்கள். (இந்தியக் கணக்கில் அது டெசிலீற்றருக்குச் சுமார் 3 மில்லிகிராம்.) வடிக்க இரண்டு வழி. வாய் வழியாகக் குழாய் விட்டு ஈ.ஆர்.சி.பி. செய்து, அடைப்பைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற சிறு குழாயை உள்ளே வைப்பது ஒன்று. விலாவுக்கிடையே ஊசி போட்டு ஈரலுக்குள் குழாய் இறக்கி வெளியே பையில் வடிப்பது இன்னொன்று. எந்தப் பக்கத்தை விடப்போகிறோமோ அந்தப் பக்கத்தைத்தான் முக்கியமாக வடிக்க வேண்டும்.

இங்கேதான் ஒழுங்கு மாறினால் நட்டம். முதலில் நல்ல சி.டி. ஸ்கேனும், பித்தக்குழாய்களைப் படம் பிடிக்கிற எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும். பிறகு ஈரல் சத்திரசிகிச்சை நிபுணரின் கருத்து. அதற்குப் பிறகு ஸ்டென்ட். இதைத் தலைகீழாக்கினால், ஸ்டென்ட் வைத்த இடம் வீங்கிக் கிடக்கும், புற்று எது, வீக்கம் எது என்று ஸ்கேனில் பிரிக்க முடியாது. எங்களிடம் ஒருவர் வந்தார். வேறோர் இடத்தில் அவசரத்தில் எடுக்கப்போகிற பக்கத்துக்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். விட வேண்டிய பக்கம் அடைபட்டே கிடந்தது, காய்ச்சலும் பிடித்துக்கொண்டது. அதைச் சரிப்படுத்த ஆறு வாரம் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மஞ்சளைப் பார்த்ததும் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான். அப்பாவுக்கு இன்னும் ஸ்டென்ட் வைக்கவில்லை என்றால், "வைக்கிறதுக்கு முன்னுக்கு ஈரல் சேர்ஜன் ஸ்கேனைப் பார்த்துட்டாரா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அது தப்பான கேள்வி இல்லை.

குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் மட்டும் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. அடைபட்ட பித்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 1990க்கு அழைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் றோட்டுவரை தூக்கி வர ஆள் ஏற்பாடு செய்துகொண்டே அழையுங்கள்.

இப்போது மாமாவின் கதை. கத்தி பட்டால் பரவும் என்பது எங்கள் தோட்டத்திலும் நான் சின்ன வயதில் கேட்டதுதான். அது எப்படி வந்தது என்றும் தெரியும். முன்பு ஸ்கேன் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் ஏற்கெனவே பரவியிருப்பது தெரியும். எடுக்க வழியில்லாமல் மூடிவிடுவார்கள். ஆள் இரண்டு மூன்று மாதத்தில் போய்விடுவார். ஊர் பார்த்தது கத்தியையும் சாவையும்தான். இப்போது அந்த நிலை குறைந்திருக்கிறது. பெரிய வெட்டுப் போடுவதற்கு முன் சிறு துளையில் கமரா விட்டு வயிற்றின் உறையில் விதை தூவியது போல் பரவியிருக்கிறதா என்று பார்க்கிற வழக்கம் உண்டு. ஆனால் மாமா சொன்னதில் ஒரு சிறு உண்மையும் இருக்கிறது. வாசலில் உள்ள இந்தக் கட்டியை வயிற்றுத் தோல் வழியாக ஊசியால் குத்திச் சதை எடுத்தால், அந்த ஊசிப் பாதையில் புற்று விதைபடக்கூடும். ஒப்பரேஷன் செய்ய வாய்ப்புள்ள ஆளுக்கு அதைத் தவிர்ப்பார்கள். "சதைப் பரிசோதனை செய்யாமலேயே வெட்டப் போகிறார்களே" என்று உறவினர் கோபப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் இதுதான்.

அதனால் இன்னொரு விஷயமும் நடக்கும். புற்று என்று நினைத்து எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் பத்தில் ஒருவருக்குப் புற்றே இருக்காது. அழற்சியாலும் குழாய் இறுகும். அதில் ஐ.ஜி.ஜி. 4 என்று ஒரு நோய் இருக்கிறது. அது ஸ்டீரொயிட் மாத்திரைக்கே கரைந்துவிடும். அந்த இரத்தப் பரிசோதனை பார்த்தாகிவிட்டதா என்று கேட்டு வையுங்கள். சி.ஏ. 19-9 என்ற, புற்றின் அடையாளம் தேடுகிற இரத்தப் பரிசோதனையும் எடுத்திருப்பார்கள். அது மஞ்சள் இருக்கும்போது சும்மாவே ஏறும். அந்த எண்ணைப் பார்த்து ராத்திரி முழுக்க அழ வேண்டாம்.

கீழாநெல்லி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் யாராவது அரைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். என் பெரியப்பாவுக்கும் கொடுத்தார்கள். இரண்டு மாதம். சிறுநீர் கடுங்கறுப்புப் பிளேன்டீ மாதிரி, மலம் வெள்ளைக் களி மாதிரி, அரிப்புத் தாங்காமல் சீப்பால் முதுகைச் சுரண்டி இரத்தக் கோடுகள். வைரசால் வருகிற காமாலை சில வாரத்தில் தானாக இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். குழாய் அடைபட்டு வருகிற காமாலையை எந்த இலையும் திறக்காது. மலம் வெளுத்து, அரிப்போடு மஞ்சள் ஏறிக்கொண்டே போனால் அது அடைப்பு. பெரியப்பாவை நாங்கள் கொண்டு போனபோது காலம் கடந்திருந்தது. நான் வைத்தியத்துக்குப் படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கதை வேறு.

ஒப்பரேஷன் நாளைப் பற்றி. ஆறு முதல் பத்து மணித்தியாலம் ஆகலாம். வாட்டுக்கு வெளியே வாங்கில் இருக்கிறவர்களுக்கு அது பயங்கரமான நேரம். நேரம் ஆகிறதென்றால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்தால்தான் யோசிக்க வேண்டும், எடுக்க முடியாமல் மூடியிருக்கலாம். பிறகு ஐ.சி.யூ.வில் சில நாள், மொத்தம் இரண்டு மூன்று வாரம். வயிற்றிலிருந்து குழாய்கள் வரும், பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம் வடிந்தால் தையல் கொஞ்சம் கசிகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் தானாக அடைபடும். பயப்பட வேண்டியது ஈரல் தோற்றுப்போவதற்கு. ஆள் உறங்கிக்கொண்டே இருப்பார், மஞ்சள் திரும்ப ஏறும். இதை நான் மறைக்கப் போவதில்லை. வாசல் புற்றுக்கான ஈரல் ஒப்பரேஷனில் நல்ல மையங்களிலும் 100இல் ஐந்து முதல் பத்துப் பேர்வரை இறக்கிறார்கள். விப்பிளைவிட இது அபாயம் கூடியது.

அதற்குக் கிடைக்கும் பலன் என்ன? வெட்டிய நுனிகளில் புற்று இல்லாமல் சுத்தமாக எடுக்க முடிந்தால், ஐந்து வருடத்துக்குப் பிறகு உயிரோடு இருப்பவர்கள் 100இல் 20 முதல் 40 பேர். நிணநீர்க் கணுவில் இல்லாதவர்களுக்கு மேல் கணக்கு, இருப்பவர்களுக்குக் கீழ்க் கணக்கு. குறைவாகத் தெரிகிறதா? எடுக்காமல் விட்டால் இந்தக் கணக்கே கிடையாது. நோயைக் கண்டுபிடிக்கும்போது எடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களே மூன்றில் ஒருவர்தான், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். அப்பாவைப் பார்த்து ஒரு சேர்ஜன் "செய்து பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார் என்றால், அந்தச் சிறு கூட்டத்தில் அவர் இருக்கக்கூடும்.

ஒப்பரேஷன் முடிந்து ஆள் தேறியதும் கெப்பசிட்டபின் என்ற மாத்திரை ஆறு மாதம் கொடுப்பது இப்போது வழக்கம். 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வுக்குப் பிறகு வந்தது. இரண்டு வாரம் குடித்து ஒரு வாரம் விடுவது, அப்படி எட்டுச் சுற்று. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியும். சப்பாத்துப் போட முடியாமல் இருக்கும். மலையேறி இறங்குகிற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. முன்கூட்டியே கிறீம் கேட்டு வாங்குங்கள்.

எடுக்க முடியாது என்று முடிவானால்? அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். ஸ்டென்ட் வைத்து மஞ்சளை இறக்கினாலே அரிப்பு நிற்கும், பசி வரும், தூக்கம் வரும். பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்றால் சுமார் மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும், உலோகம் என்றால் இன்னும் கொஞ்சக் காலம் நிற்கும். வைத்த திகதியை வீட்டுக் கலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். கிளினிக் கொப்பிக்குள் இருக்கிற திகதியை யாரும் பார்ப்பதில்லை. ஸ்டென்ட் வைக்க வழியில்லாதபோது அடைப்புக்கு மேலே குடலைத் தைத்து மாற்றுப் பாதை போடும் ஒப்பரேஷனும் உண்டு, இப்போது குறைவு. அதோடு ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிற கீமோ. 2010இல் வந்த ஆய்வில் ஒரே மருந்து எடுத்தவர்கள் உயிரோடு இருந்த காலத்தின் நடுக்கணக்கு எட்டு மாதம், இரண்டும் எடுத்தவர்களுக்கு கிட்டத்தட்டப் பன்னிரண்டு மாதம். இப்போது நோயெதிர்ப்பு மருந்து ஒன்றையும் சேர்க்கிறார்கள், விலை அதிகம். வலிக்கு மோர்பின் கேட்கத் தயங்க வேண்டாம். அது சாகப்போகிறவருக்குக் கொடுக்கிற மருந்து என்ற பேச்சால் எத்தனையோ பேர் வீணாக வேதனைப்பட்டுப் போனார்கள்.

ஈரலையே மாற்றினால் என்ன என்ற கேள்வியும் வரும். வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருக்கிற, 3 சென்றிமீற்றருக்குக் குறைந்த, கணுக்களுக்குப் பரவாத வாசல் புற்றுக்கு, முதலில் கதிரும் கீமோவும் கொடுத்துவிட்டு ஈரல் மாற்றும் முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1990களில் தொடங்கியது. தேர்ந்தெடுத்த சிலருக்கு முடிவுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்த வாசல் மிகவும் ஒடுங்கியது. இலங்கையில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கிறது, ராகமையிலும் அதற்கான குழு இருக்கிறது. அது பெரும்பாலும் ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கு. வெட்டி எடுக்க முடியும் என்று சொல்லப்பட்ட அப்பாவுக்கு இந்தப் பாதையைத் தேட வேண்டியதில்லை.

இனிச் சித்தப்பாவுக்கு. அவர் மனது நல்லது, ஆனால் அவசரப்படுகிறார். இந்தியாவில் இதைச் செய்கிற நல்ல கைகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது ஒரு நாள் ஒப்பரேஷன் இல்லை. வடித்து, பிலிருபின் இறங்கக் காத்திருந்து, தேவைப்பட்டால் நாளத்தை அடைத்து இன்னும் ஒரு மாதம் இருந்து, வெட்டி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் யாரிடம் ஓடுவது? அறை வாடகை, கூட நிற்கிற ஆளின் சாப்பாடு, எல்லாம் சேர்ந்து ஈ.பி.எஃப். காசும் நகையும் பாதி வழியில் முடிந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இரத்தத்துக்குப் பதில் இரத்தம் கொண்டு வா என்றும் கேட்பதில்லை. வெளியே செய்யச் சொல்கிற சில பரிசோதனைக்கும் மருந்துக்கும் செலவு வரும். அதற்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்க முடியும், பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். என் கருத்து: முதலில் கண்டியிலோ கொழும்பிலோ ஈரலையே தனியாகச் செய்கிற ஒரு நிபுணரின் முடிவைக் கேளுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்டால் முதல் டொக்டர் கோபிப்பார் என்று நினைக்க வேண்டாம். நல்ல டொக்டர் கோபிக்க மாட்டார்.

ஒப்பரேஷனுக்கு முன் இருக்கிற வாரங்கள் வீணான வாரங்கள் இல்லை. அப்பா இப்போது மெலிந்திருப்பார். முட்டை, மீன், பருப்பு, பால்மா, எது இறங்குமோ கொடுங்கள். ஒரே தடவையில் இரண்டு ரொட்டி என்றால் இறங்காது, அரை அரையாக ஆறு தடவை கொடுங்கள். எண்ணெய் கூடினால் வயிறு கழியும். காமாலைக்குப் பத்தியம் என்று வெறும் கஞ்சியில் போட்டுவிடாதீர்கள், வாட்டில் நாங்கள் பார்க்கிற பாதிப் பலவீனம் பத்தியத்தால் வந்தது. பீடி, சாராயம் இரண்டும் இன்றோடு நிற்க வேண்டும். தினமும் லயத்துப் படியிலிருந்து கோயில்வரை நடக்கட்டும். மூச்சு வாங்காமல் ஏறுகிறாரா என்று பாருங்கள், மயக்க மருந்து டொக்டர் கேட்கப்போவதும் அதைத்தான். பித்தம் குடலுக்குப் போகாததால் இரத்தம் உறையத் தேவையான விற்றமின் கே குறைந்திருக்கும். அதற்கு ஊசி போடுவார்கள். பல் பிடுங்குவது மாதிரி வேலைகளை இப்போது வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவுக்குச் சிங்களம் எவ்வளவு விளங்கும் என்று தெரியாது. சந்தைச் சிங்களம் வேறு, சம்மதப் படிவத்துச் சிங்களம் வேறு. "பிளிக்கா" (புற்று) என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு மிச்சமெல்லாம் காதில் விழாமல் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள், வாட்டில் தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ யாராவது ஒருவர் இருப்பார். அப்பாவிடமிருந்து மறைக்கவும் வேண்டாம். கவ்வாத்து வெட்டியவருக்கு எந்தக் கொப்பை வெட்டுகிறார்கள், எந்தக் கொப்பை விடுகிறார்கள் என்று சொன்னால் விளங்கும். உங்களைவிட அவருக்கு நன்றாகவே விளங்கலாம்.

கிளினிக்கில் கேட்க நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பக்கத்தை எடுக்கப் போகிறீர்கள், எவ்வளவு மிஞ்சும்? மிஞ்சுகிற பக்கத்தின் நாடி சுத்தமாக இருக்கிறதா? அந்தப் பக்கம் வடிந்துவிட்டதா? போன வருடம் இந்த வாட்டில் இதே ஒப்பரேஷன் எத்தனை செய்தீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். ஆசிரியை தானே, கேளுங்கள். அப்புறம், ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். சேர்ஜன் பார்க்க வேண்டியது படத்தை. ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்கள் உள்ள இறுவட்டைக் கேட்டு வாங்கி, மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு போங்கள்.